குமரி மாவட்டத்து வீட்டுக் கம்ப்யூட்டர்: முதலில் கரண்டு, உப்பு, ஈரம், வைரஸ் பிறகு

வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எல்லார் வாயிலும் முதலில் வருவது "வைரஸ் ஏறிட்டு" என்பதுதான். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் வைரஸ் காரணமாக இருப்பதில்லை. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் என்றால் உப்புக் காற்று. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் ஈரமும் இடியும். எல்லா ஊருக்கும் பொதுவாக, எர்த் இல்லாத பிளக் பாயிண்டும் நிரம்பி வழியும் சி டிரைவும். இவற்றில் எதற்கும் காசு கொடுத்து 'ஸ்பீட் அப்' மென்பொருள் வாங்க வேண்டாம். ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஓர் இஞ்சு பெயிண்ட் பிரஷ், நான்கைந்து இலவச மென்பொருள், மாதத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

எர்த்தும் இடியும்

சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினட்டின் பின்பக்க இரும்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? 'கம்ப்யூட்டர்னா கொஞ்சம் ஷாக் இருக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் (கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி) லைனிலிருந்து எர்த்துக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் கம்பி அறுந்திருந்தால் அது போக இடமில்லாமல் கேபினட்டிலேயே நின்றுவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி, 110 வோல்ட் பக்கம் காட்டும். அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ லேன் கேபிளையோ சொருகும்போதுதான் போர்ட்டுகள் எரிந்துபோகின்றன.

எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயிண்டை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. லைனுக்கும் எர்த்துக்கும் இடையே சம்பந்தமில்லாத ஓர் எண் ஆடிக்கொண்டிருந்தால் எர்த் இல்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் நுழைக்கும் கன்வெர்ட்டரைத் தூக்கி எறியுங்கள்.

இடிக்கு வருவோம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி மழையிலும் மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுத்து, தூரத்தில் முதல் முழக்கம் கேட்கும்போதே பிளக்கைக் கையால் உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பிரிப்பது ஒரே ஒரு கம்பியை, அதுவும் சில மில்லிமீட்டர் இடைவெளியில். வானத்திலிருந்து இறங்குவதற்கு அந்த இடைவெளி ஒரு தடையே இல்லை. தலைக்கு மேல் வெட்டத் தொடங்கியபின் கழற்றப் போகாதீர்கள். அப்போது கம்ப்யூட்டர் போனால் போகட்டும்.

பிளக்கை உருவியவர்கள்கூட மறந்துபோவது லேன் கேபிளை. தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கட்டி, வீட்டுக்கு வீடு செம்புக் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுக்கும் இடங்களில், பக்கத்துத் தோப்பில் இறங்கும் இடியின் வீச்சு அந்தக் கம்பி வழியாக நேராக மதர்போர்டுக்கு வந்துவிடும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஓர் அடாப்டர் இருக்கிறதே, அது கரண்டில்தானே சொருகியிருக்கிறது? அங்கே ஏறினால் லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். எனவே இரண்டையும் உருவுங்கள். வைஃபையில் இணைத்திருந்தால் இந்த ஒரு வழி இல்லாமல் போகும்.

ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதற்குள் இருப்பது ஒரு சிறு வட்டத் துண்டு. ஒவ்வொரு அதிர்ச்சியை வாங்கும்போதும் அது கொஞ்சம் தேயும். ஐந்து வருடம் பழகிய ஸ்பைக் பஸ்டர் பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். எர்த் இல்லாத பாயிண்டில் புதியதுகூடப் பாதி வேலைதான் செய்யும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது, கரண்டு போகும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் 'யுபிஎஸ்', 'நார்மல்' (சிலவற்றில் 'ஈகோ') என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூடுதல். லைட்டும் ஃபேனும் அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் தீர்ந்தது. வோல்டேஜ் மிகக் குறைவாக வரும் ஊர்களில் அப்படி வைத்தால் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். அதற்குத் தயாராக இருங்கள்.

தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை, எதுவும் திறந்து வைக்காத நேரத்தில், சுவரில் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். ஒரு 600 விஏ யுபிஎஸ் ஒரு டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் பத்து நிமிடமாவது தாங்க வேண்டும். ஒரு நிமிடத்தில் விழுந்தால் போனது பேட்டரி மட்டுமே. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றினால் போதும், முழுப் பெட்டியும் வாங்க வேண்டியதில்லை. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் அதன் உருளை ஒரே இழுப்பில் இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் ஓவர்லோடு ஆகி அணையும்.

உப்பும் ஈரமும்

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை ஊரில் ஃபேன் உள்ளே இழுக்கும் தூசியில் அந்த உப்பு இருக்கிறது. ஆனி, ஆடிச் சாரலில் நாள்கணக்கில் ஈரம் அதற்கு மேலேயே நிற்கும். அப்போது போர்டின் மேல் படிந்த தூசி மெல்லிய உப்புநீராகிக் கரண்டைக் கடத்தும், செம்பைத் தின்னும். வாரக்கணக்கில் போடாமல் வைத்த கம்ப்யூட்டர் மழைக்காலம் முடிந்து போட்டவுடன் போவதற்கு இதுதான் காரணம். மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். அணைத்த கையோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் அரையடி உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து நான்கு விரலாவது தள்ளி வையுங்கள்.

கடற்கரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாகர்கோவில், தக்கலை போல உள்ளே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். அணைத்து, பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்டு இறங்கும். பின்பக்கம் பார்த்து நின்றால் பெரும்பாலான கேபினட்டில் வலப்பக்கத் தகட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் திறக்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தூசியைக் கிளப்பி, திண்ணையில் வைத்து புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விட்டால் பேரிங் போகும், ஃபேனே டைனமோ மாதிரி போர்டுக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பவும் செய்யும். வேக்யூம் கிளீனர் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் மூக்கில் நிலைமின்சாரம் சேரும்.

ரப்பர் ஷீட் புகை போடும் வீடுகளில் தூசி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும், பிரஷுக்கு அசையாது. அதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் வழி. எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரை அதற்குப் பதில் ஊற்றாதீர்கள், அதில் பல வகைகளில் கிளிசரின் உண்டு. காய்ந்தபின் பசை போல நின்று இன்னும் தூசியைப் பிடிக்கும்.

இந்த மாவட்டத்தில் மிக அடிக்கடி வரும் கோளாறு ஒன்று: "ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல்ல." பெரும்பாலும் அது ரேம் காண்டாக்ட். ரேமின் இரு முனையிலும் உள்ள பிடியை வெளிப்பக்கம் தள்ளினால் அது மேலே எழும். தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் தெரியும். வெள்ளை ரப்பரால் மேலிருந்து கீழாக, பற்கள் போகும் திசையிலேயே மெதுவாகத் தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. ரப்பர்த் தூளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் திரும்ப வையுங்கள். பள்ளம் இருக்கும் இடத்தைப் பார்த்து வைத்து, இரு பக்கமும் 'டிக்' என்று பிடி தானாக மூடும்வரை அழுத்துங்கள். ஒரு பக்க டிக்கோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. பலரும் அதற்குள் மதர்போர்டு போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, எல்லா வெப்சைட்டும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பாக இல்லை' என்று மிரட்டுவது. உடனே கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. வெப்சைட்டின் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளோடு கம்ப்யூட்டரின் தேதி பொருந்தாததால் வரும் எச்சரிக்கை அது. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் செல், எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி மாற்றினால் முடிந்தது.

சூடு அதிகமா என்று பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை 'சென்சார்ஸ் ஒன்லி' என்று திறந்து சிபியு (போர்டில் இருக்கும் முக்கியச் சிப்) வெப்பநிலையைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி என்பது நம் வெயிலுக்குச் சரி. எதுவும் செய்யாமலே 75 காட்டினால் தூசியோ, சிபியுவுக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோ காரணம். பேஸ்ட் பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், வெண்ணெய் மாதிரி அப்பாதீர்கள். பழைய ரைசன் (ஏஎம்டி சிபியு) மெஷின்களில் ஒரு எச்சரிக்கை உண்டு. கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு சிபியுவும் சேர்ந்து பிடுங்கி வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை லேசாக இடமும் வலமும் திருகியபின் எடுங்கள்.

ஷட் டவுன் கொடுத்தாலும் அணையாத விண்டோஸ்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்யும் மெஷினிலும் அது 11:06:42:10 என்று, அதாவது பதினொரு நாளாக அணையவே இல்லை என்று காட்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி செய்யும் வேலை இது. அணைக்கும்போது விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போடுகிறது. நேற்று சிக்கிக்கொண்ட டிரைவரும் பிரிண்டரும் இன்றும் சிக்கிக்கொண்டே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் போதும். எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) இருக்கும் மெஷினில் இந்த வசதியையே நிறுத்திவிடலாம்: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ', பிறகு மேலே நீல எழுத்தில் இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை அழுத்தினால் கீழே டிக்கை எடுக்க முடியும்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்து உட்காரும் கூட்டம் அது. சவுண்ட், டச்பேட், விண்டோஸ் செக்யூரிட்டி மூன்றையும் தொடாதீர்கள். மீட்டிங் ஆப், பாட்டு ஆப், கேம் லாஞ்சர், இப்போது வீட்டில் இல்லாத பழைய பிரிண்டரின் மென்பொருள் எல்லாவற்றுக்கும் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். எதுவும் அழியாது, வேண்டும்போது நீங்கள் திறந்தால் திறக்கும்.

நிரம்பிய சி டிரைவ்

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப முயன்று, மெஷின் எப்போதும் திணறிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் பத்து ஜிபிக்கு மேல் பிடித்திருக்கும். புதிய விண்டோஸ் ஒழுங்காக ஓடினால் அதை எடுத்துவிடலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி உண்டு. அதில் டிக் போட்டால் நீங்கள் இறக்கி வைத்த மார்க் ஷீட், டிக்கெட், பட்டா நகல் எல்லாம் ரீசைக்கிள் பின் பக்கமே போகாமல் நேரே போய்விடும். வேகத்தில் எல்லாவற்றையும் டிக் போடுவதால் இழந்தவர்கள் நிறைய.

எது இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரியவில்லையா? விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் கொடுங்கள். சில விநாடிகளில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். வாட்ஸ்அப் வீடியோ, ஒரே கல்யாண வீடியோவின் மூன்று பிரதி, போனிலிருந்து இரண்டு முறை கொட்டிய போட்டோ, இவைதான் பெரும்பாலும் மேலே இருக்கும். விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் போடாதீர்கள். அதனால் வேகம் கூடாது, சில நேரம் விண்டோஸ் எழுவதே நின்றுவிடும்.

டிஸ்க் உடம்பு எப்படி இருக்கிறது

இத்தனை செய்தும் இழுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவது தவிர வேறு எந்தச் செலவும் பழைய மெஷினுக்கு அந்த வித்தியாசத்தைத் தராது. அதற்கு முன் இருக்கும் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம். அதன் சில பதிப்புகளில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் பெண் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பாள். வைரஸ் என்று பயப்படாதீர்கள், தயாரித்தவரின் ரசனை அது. சாதாரணப் பதிப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது.

நீல நிறத்தில் 'குட்' என்றால் சரி. மஞ்சள் 'காஷன்' என்றால் கீழே மூன்று வரியைக் கவனியுங்கள்: 05, சி5, சி6. 05 என்பது கெட்டுப்போய் மாற்றிவைத்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 படிக்கவே முடியாமல் போனவை. 05 சிறு எண்ணில் மாதக்கணக்காக அசையாமல் நின்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். சி5 வாரா வாரம் ஏறினால் அன்றைக்கே நகல் எடுங்கள். அந்த எண்கள் முதலில் பதினாறடிமான முறையில் (ஏ முதல் எஃப் வரை எழுத்தும் கலந்து) தெரியும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ச் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால் எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்க்காமல் உடனே அணையுங்கள். ஓட ஓட உள்ளே கீறல் விழும்.

வைரஸ், பென் டிரைவ், பொய்ப் போன்

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். இன்னொரு ஆன்டிவைரஸை அதன் மேல் ஏற்றினால் மெஷின் திணறுவதுதான் மிச்சம். ஆனால் ஒரு சோதனை அவசியம், குறிப்பாகக் கடையில் விண்டோஸ் போட்டு வாங்கிய மெஷினில். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்', அடியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' (டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் பட்டியல்). அங்கே எதுவும் இருக்கக் கூடாது. கிராக் போட்டு ஆக்டிவேட் செய்யும்போது அந்தக் கருவியைப் பிடிக்காமல் இருக்க முழு சி டிரைவையே அங்கே எழுதிவிட்டுப் போவது உண்டு. அப்படி இருந்தால் டிஃபெண்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் இருக்கிறது என்று பொருள். அதை நீக்கிவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும்.

ஜெராக்ஸ் கடையில் சொருகி வந்த பென் டிரைவில் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்தால்தான் அது மெஷினுக்குள் இறங்கும். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு எக்ஸ்புளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ பக்கத்தில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுத்தால் மங்கலாகத் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் இருக்கும். உங்கள் ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டு டிரைவை ஃபார்மேட் செய்து, டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஃபார்மேட்டில் எக்ஸ்ஃபேட் தேர்ந்தெடுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல் அதில் ஏறாது, கல்யாண வீடியோ பாதியில் நிற்பது அதனால்தான்.

திரை முழுக்கச் சிவப்பாகி 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று சத்தம் போட்டால் அது வெறும் வெப் பக்கம். ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள், மூடாவிட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள். அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பைப் போட்டுப் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

விண்டோஸ் 10-ம் கவர்மெண்ட் லேப்டாப்பும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு வீட்டுக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்று இருக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் சிபியு என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. பேட்டரி வீங்கியிருந்தால் முதலில் கழற்றி எடுங்கள், குத்தாதீர்கள். 2 ஜிபி ரேமை 4 ஆக்கி, ஒரு சிறு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால் பிள்ளைகள் படிக்க, வீடியோ கால் பேச, லிப்ரே ஆபீஸில் விண்ணப்பம் அடிக்கத் தாராளம். 8 ஜிபி பென் டிரைவும், அதில் மிண்ட்டை எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளும் வேண்டும். ரூஃபஸ் பென் டிரைவில் உள்ளதை முழுக்க அழித்துவிடும் என்பதால் முதலில் அதைக் காலி செய்யுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் 'எஃப்12 பூட் மெனு'வை 'எனேபிள்ட்' ஆக்க வேண்டும். 'இன்ஸ்டால்' அழுத்துமுன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

நகல்

2004 சுனாமியிலும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலிலும் இந்த மாவட்டம் பட்டது எல்லாருக்கும் தெரியும். ஒக்கிக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்டில்லாத ஊர்கள் பல. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பிரதி இரண்டாகக் கணக்கில் வராது. ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையத்திலோ இருக்க வேண்டும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளில் இடப்பக்கம் உங்கள் போட்டோ ஃபோல்டர், வலப்பக்கம் வெளி டிஸ்க் என்று கொடுத்து, முதலில் 'கம்பேர்', பிறகு 'சிங்க்ரனைஸ்'. முறை 'அப்டேட்' ஆக இருக்கட்டும். 'மிரர்' என்று வைத்தால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் இடி ஒரே அடியில் இரண்டையும் கொண்டுபோகும். ஆதார், மார்க் ஷீட், லைசென்ஸ் போன்றவற்றை டிஜிலாக்கரிலும் சேர்த்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கக்கூடும். பயாஸ் அப்டேட் ஆனாலோ போர்டு மாற்றினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அப்போது தேட ஆரம்பித்தால் பலனில்லை. இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பக்கத்தில் அதை எடுத்து அச்சடித்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் கவரிலேயே போடுங்கள்.

நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ சர்வீஸுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், டெஸ்க்டாப் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். எஸ்எம்பிஎஸ், ரேம், போர்டு கோளாறைப் பார்க்க அது தேவையில்லை. ரேமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் போர்டின் மாடல் எண்ணையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். 'ஓடமாட்டேங்குது' என்று மட்டும் சொல்லாமல், எப்போது நின்றது, இடி இருந்ததா, ஃபேன் சுற்றுகிறதா, பீப் எத்தனை முறை வந்தது என்று ஒரு தாளில் எழுதி கேபினட்டில் ஒட்டிக் கொடுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள்.